பருவும் பழக்கமும்

வகுப்பின் கடைசி வாங்கிலே, யன்னலுக்கு முதுகு காட்டியபடி, இடது கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு அமர்ந்திருப்பது அம்மாணவரின் வழக்கம். எழுதும்போதும் அந்தக் கை கன்னத்தை விட்டு அகலாது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பார். விடையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முகம் மட்டும் சுவரைப் பார்த்திருக்கும். கற்பித்தல் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, பாடத்தில் நாட்டமில்லாத பிள்ளையை இனங்காணத் தெரியும். வீட்டிலே வறுமை வாட்டும் பிள்ளையையும் ஓரளவுக்கு இனங்காணத் தெரியும். தன் முகத்தைத் தானே வெறுக்கும் பிள்ளையை இனங்காண நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு நாள், பாடம் சலித்துப்போன மாலைப் பொழுதில், அவரை நோக்கி, "தம்பி, நல்ல சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வாரும். முகம் தெளிந்தால் மூளையும் தெளியும்" என்றோம். வகுப்புச் சிரித்தது. அவரும் சிரித்தார். நாமும் அன்றைய கலகலப்புக்கு நம் பங்கைச் செலுத்திவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

சில வாரங்களின் பின் வகுப்புப் புகைப்படம் எடுத்தார்கள். அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு கிழமை கழிந்த பின்னர் தகப்பனார் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"சேர், பெடியன் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு நிக்கிறான். ஒரு நாளைக்கு எட்டுத்தரம் முகம் கழுவுறான். கிணத்தடியை விட்டு வாறானில்லை. ஏனடா எண்டு கேட்டால் சேர்தான் சொன்னவர் எண்டுறான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சேர் சொன்னால் அதில் ஏதேனும் நியாயம் இருக்கும் என்று நம்பி, அந்த நியாயத்தை அறிந்து போகவே வந்திருந்தார். அதுதான் நம்மை மேலும் சுட்டது.

அடுத்து வந்த வாரத்தில் தகப்பனும் மகனும் நாமுமாக அரசாங்க வைத்தியசாலையின் சரும நோய்ப் பகுதிக்குச் சென்றோம். நாம் உடன் போனது அன்பினால் மட்டுமன்று என்பதை மறைப்பானேன்? வரிசையிலே பல இளைஞர்கள் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. மருந்தெழுதும் தாளை அவர் உடனே எடுக்கவில்லை. "தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறீர்? எதனால் முகம் கழுவுகிறீர்? எப்படிச் சவரம் செய்கிறீர்? பருவைக் கிள்ளுவதுண்டா? முகத்துக்கு வேறு என்னென்ன பூசினீர்?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். ஒரு மணித்தியாலம் காத்திருந்து பெற்ற அந்தப் பதினைந்து நிமிடங்களில், இத்தனை ஆண்டுகளாக நாம் அறியாதிருந்த பலவற்றை அறிந்தோம். பின்னர் நூல்களிலும் தேடிப் படித்தோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், பரு என்பது அழுக்கினால் வருவதன்று. நம் தோலிலுள்ள மயிர்க்கால்கள் ஒவ்வொன்றையும் அடுத்துச் சிறு நெய்ச்சுரப்பி உண்டு. பருவ வயதில் ஆண் ஓமோன் பெருகும்போது இச்சுரப்பிகள் பெருத்து மிகுதியான நெய்யைச் சுரக்கின்றன. மயிர்க்காலின் உட்புறத்தே உதிரும் தோற்கலங்கள் அந்நெய்யோடு ஒட்டிக் கட்டியாகி வாயை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட குழியிலே, எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகைப் பற்றீரியா பெருகுகிறது. உடல் அதனை எதிர்க்கிறது. சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. ஆண் ஓமோன் மிகுதியாதலால் இளைஞர்களிடத்தே இது பெரும்பாலும் கடுமையாக வருகிறது; முகத்தோடு நில்லாமல் முதுகுக்கும் மார்புக்கும் பரவுகிறது. பெற்றோர் வழியும் இதற்குண்டு. மூக்கின்மேல் காணும் கரும்புள்ளியைப் பலரும் அழுக்கென்றே நினைக்கின்றனர். அது காற்றுப் பட்டுக் கறுத்த நெய்யும் தோலின் நிறப்பொருளுமேயன்றி வேறில்லை. தேய்த்தால் போகாது.

இதைக் கேட்டபோது நமக்கு நம் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்போது, யாழ்ப்பாணத்திலே சவர்க்காரம் அரிய பண்டமாயிருந்தது. பனம்பழக் களியினால் உடுப்புத் தோய்த்த வீடுகள் பல. ஒரு சவர்க்காரக் கட்டியை நால்வருக்குப் பங்கிட்ட அந்நாளிலும் சில பெடியன்களுக்குப் பரு இருந்தது, சிலருக்கு இல்லை. இன்று கடை நிறையச் சவர்க்காரம் இருக்கிறது; இன்றும் அப்படித்தான். இந்தச் சிறு கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் ஒரு பிள்ளையைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டோமே என்று நாணினோம்.

நாளொன்றுக்கு எட்டுத்தரம் கழுவினால் நேர்வது என்ன? தோலின் மேற்காப்பு உரிந்துபோகிறது. முகம் வறண்டு எரிகிறது. ஏற்கனவே புண்பட்ட மயிர்க்கால்கள் மேலும் புண்படுகின்றன. இம்மாணவர் முகத்துக்குப் போட்டது உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரம், தேய்த்தது தும்பினால். காலையிலும் மாலையிலும் இருதரம், கடுமையற்ற கழுவுபொருளொன்றினால், விரல் நுனியினால் மெல்லத் தடவிக் கழுவினால் போதும். விளையாடி வியர்த்தால் இன்னுமொரு தரம் கழுவலாம். துவாயினால் தேய்த்துத் துடையாமல் ஒற்றி எடுக்கவேண்டும். வீட்டிலுள்ள ஐவருக்கும் ஒரே துவாய் என்ற வழக்கத்தையும் விடுதல் நன்று.

எண்ணெய்க்கு வருவோம். இதைச் சொன்னால் தாய்மார் நம்மீது சினங்கொள்வர் என்பதறிவோம். நம் வீடுகளில் காலையிலே பிள்ளையின் தலையில் தேங்காய் எண்ணெயைத் தப்பி, அழுத்தி வாரி, நெற்றியில் வழிந்ததை அப்படியே கன்னத்திலும் தடவி அனுப்புவது அன்பின் அடையாளம். 1970 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியர்கள், தலைமயிருக்குப் பசைப் பூச்சுகளை நாளும் தடவுவோருக்கு நெற்றியிலும் கன்னப்பொறியிலும் தோன்றும் பருவைத் தனியொரு வகையாக விவரித்து எழுதியுள்ளனர். நமது மாணவரின் நெற்றியை வைத்தியர் விளக்கின் கீழே பார்த்தார். மயிரோரத்தை ஒட்டி, வரப்புக் கட்டினாற்போலச் சிறு பருக்கள் நிரையாக நின்றன. "இது எண்ணெய் செய்த வேலை" என்றார். அவர் எண்ணெயை முற்றாக மறுக்கவில்லை. முழுகும் நாளில் வைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் குற்றமில்லை. நாள் முழுதும் தலையில் ஊறவிடுவதும், இரவில் தலையணையில் ஊறவிட்டு அதன்மேல் கன்னத்தை வைத்து உறங்குவதுமே கேடு. தலையணை உறையைக் கிழமைக்கு ஒருதரமாவது மாற்றவேண்டும். இக்காலத்து இளைஞர் தடவும் மயிர்ப் பசைகளுக்கும் தாடி எண்ணெய்க்கும் இதுவே விதி. நெற்றியில் அணியும் திருநீற்றைப் பற்றியும் தகப்பனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். வைத்தியர் சிரித்துக்கொண்டே, "அதை ஏன் வழக்கில் இழுக்கிறீர்கள்?" என்றார். நமக்கு ஆறுதலாயிற்று.

கண்ணாடிக்கு முன் நின்று பருவை நசுக்குவது அடுத்த பழக்கம். இது ஆண்களுக்கு ஒரு வீர விளையாட்டுப் போலும். நசுக்கும்போது சீழில் ஒரு பங்கு வெளியே வருகிறது. மறுபங்கு தோலுக்குள்ளே வெடித்துப் பரவுகிறது. நான்கு நாளில் ஆறவேண்டியது நான்கு கிழமைக்கு நிற்கிறது. நம்மைப்போன்ற கருநிறத் தோலினருக்கு ஒரு தனித் துன்பமும் உண்டு: பரு ஆறினாலும் அவ்விடத்தில் கருந்தழும்பு மாதக்கணக்கில் தங்கிவிடும், வெயில் அதை இன்னும் கறுப்பிக்கும். ஆழமாகக் கிள்ளிய இடத்தில் குழி விழுந்தால் அது எளிதில் நிரவாது. கன்னத்தில் கையூன்றி இருப்பதும், பருவை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே படிப்பதும் இதன் இளைய சகோதரங்கள். அம்மாணவர் மறைக்க வைத்த கையே பருவுக்கு உரமிட்டது என்று எண்ணும்போது மனம் கசிகிறது.

சவரத்தைப் பற்றிச் சிறிது. அரும்பும் தாடியை வறண்ட தோலில், மழுங்கிய அலகினால், மயிர் வளரும் திசைக்கு எதிராக இழுத்து மழிப்பவர்கள் பலர். வெட்டுண்ட சுருள்மயிர் வளைந்து தோலுக்குள்ளே புகுந்து பருப்போன்ற வீக்கங்களை உண்டாக்கும். இளஞ்சூட்டு நீரினால் முகத்தை நனைத்து, நுரை பூசிச் சற்றுப் பொறுத்து, கூரிய அலகினால் மயிர் சாய்ந்த திசையிலேயே வழித்தல் வேண்டும். பருவின் தலையைச் சீவுதல் ஆகாது. பரு மிகுந்திருக்கும் நாட்களில் கத்தரியினால் தாடியைக் குட்டையாக வெட்டிவிட்டாலே போதும். பாடசாலைச் சட்டம் இதற்கு இடந்தருவதில்லை என்பர். வைத்தியர் கடிதம் கொண்டுவரும் பிள்ளைக்கேனும் நம்போன்றோர் இடந்தர வேண்டும். சலூனில் சவரம் செய்விப்போர் புது அலகு மாட்டச் சொல்லிக் கேட்க வெட்கப்படலாகாது.

உராய்வும் வெப்பமும் வியர்வையும் கூடிப் பருவைக் கிளறும் என்பதை 1975 இல் விவரித்து எழுதினர். விளையாட்டு வீரர்களின் தலைக்கவசமும் அதன் நாடி வாரும் அழுத்தும் இடங்களிலே பரு மிகுவது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம்மூர் மோட்டார் சைக்கிள் இளைஞர்க்கும் இது பொருந்தும். தலைக்கவசத்தைக் கழற்றும்படி நாம் சொல்லவில்லை. உயிர் முகத்தினும் பெரிது. உள்ளே இருக்கும் பஞ்சணையைத் துடைத்து உலர்த்துக, வாரையும் கழுவுக. நனைந்த விளையாட்டுச் சட்டையோடு மாலைநேர வகுப்புக்குப் போய் இருட்டும்வரை அமர்ந்திருப்பவர் முதுகுப் பரு எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டியதில்லை.

உணவைப் பற்றி வைத்தியர்களிடையே நெடுநாளாக வழக்கிருந்தது. 1969 இல் அமெரிக்காவிலே 65 பேருக்குச் சொக்கலேற்றும், சொக்கலேற் இல்லாத அதேபோன்ற இனிப்பும் கொடுத்துப் பார்த்து, வேற்றுமை இல்லை என்றார்கள். ஆனால் அந்த மற்ற இனிப்பிலும் சீனியும் கொழுப்பும் நிறைய இருந்தன! அதன்பின் பல்லாண்டு காலம் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்றே கற்பித்தனர். 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவாத் தீவிலே 1200 பேரைச் சோதித்தபோது ஒருவரிடமேனும் பரு காணப்படவில்லை. அவர்கள் உண்பது கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும். (தேங்காய் என்றதும் நம்மவர் முகம் மலரும். கறியில் விழும் தேங்காய் வேறு, நெற்றியில் வழியும் எண்ணெய் வேறு.) பின்னர் 2007 இல் அவுஸ்திரேலியாவில், 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்களைக் கொண்டு 12 வாரம் சோதித்தனர். சீனியும் தீட்டிய மாவும் குறைந்த உணவை உண்டோர்க்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இரத்தத்தில் வெல்லம் சடுதியாக ஏறும்போது இன்சுலினும் ஏறுகிறது. அது நெய்ச்சுரப்பிகளையும் தூண்டிவிடுகிறது என்பது விளக்கம்.

இதனால் பரு உள்ள பிள்ளையின் கோப்பையிலிருந்து எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும் என்பதன்று. இடைவேளைக்குப் பணிசும் சோடாவும், மாலையில் மூன்று கரண்டிச் சீனி போட்ட தேநீரும், இரவில் வெள்ளைப் பாணும் என்றிருந்தால், அவற்றுள் இரண்டையாவது மாற்றுக என்கிறோம். அவித்த கடலை, பயறு, தவிடு நீக்காத அரிசிச் சோறு, இலைக்கறி, பழம் ஆகியன நம் வீடுகளுக்குப் புதியனவல்ல. பாலைப் பற்றி வைத்தியர்கள் இன்னும் ஒருமுகமாகச் சொல்லவில்லை. மிகுதியாகக் குடிப்போர் சிலரிடத்தே பரு மிகுவதாகக் கண்டுள்ளனர். பாலிலிருந்து எடுக்கும் புரதமாவை, உடலை முறுக்கேற்றும் ஆசையால் நாள்தோறும் கரைத்துக் குடிக்கும் இளைஞர்களின் முதுகிலும் முகத்திலும் பரு மூண்டதைப் பல வைத்தியர்கள் எழுதியுள்ளனர். அதை நிறுத்திச் சில கிழமை பொறுத்துப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. உடற்பயிற்சி நிலையத்தில் யாரோ தரும் ஊசியும் மாத்திரையும் வேறு வகை. அவை பருவோடு நிற்பவையல்ல.

இனி, அன்று அந்த அறையில் கடைசியாக வெளிவந்த செய்தியைச் சொல்லவேண்டும். "வேறு என்ன பூசினீர்?" என்ற கேள்விக்கு மாணவர் இரண்டுதரம் "ஒன்றுமில்லை" என்றார். வைத்தியர் தகப்பனாரையும் நம்மையும் சற்று வெளியே நிற்கச் சொன்னார். நாம் மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டபோது மேசையின்மேல் ஒரு சிறு குழாய் இருந்தது. புத்தகப் பையின் அடியில் கிடந்ததாம். மாலைநேர வகுப்புத் தோழர் ஒருவர் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கிறீம். அதில் ஸ்டெரொயிட் கலந்திருந்தது. இதுவன்றோ நஞ்சு! பூசிய சில நாளில் சிவப்பு மறையும். முகம் வெளுத்துப் பளபளக்கும். பூசியவர் மருந்து கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்வார். சில மாதங்களில் தோல் மெலியும், நரம்புகள் தெரியும், வெயிலில் முகம் தீயாக எரியும், ஒரே வடிவான பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். பூசுவதை விட்டால் எல்லாம் பன்மடங்காகத் திரும்பும். அஞ்சி மீண்டும் பூசுவார். நெடுநாள் பூசியவர் தாமாகவே சடுதியில் நிறுத்தாமல் வைத்தியரிடம் காட்டி நிறுத்துவது நல்லது. பெயரும் கலவையும் அச்சிடாத எந்தப் பூச்சும், யார் கொடுத்தாலும், முகத்துக்கு ஆகாது.

பையன் ஏன் அதை ஒளித்தான் என்று தகப்பனார் திரும்பத் திரும்பக் கேட்டார். வழியில் மாணவரே சொன்னார். கெட்ட எண்ணம் உள்ளவனுக்குத்தான் முகத்தில் பரு வரும் என்று உறவினர் ஒருவர் கலியாணவீட்டில் பலர் முன்னே சொல்லியிருந்தாராம். பரு போய்விட்டால் அந்தச் சொல்லும் போய்விடும் என்று அவர் நினைத்தார். மனத்துக்கும் பருவுக்கும் அப்படியொரு கணக்கு இல்லை. ஒழுக்கமே உருவான இளைஞனுக்கும் ஓமோன் உண்டு. பரு உள்ள பிள்ளையைக் கண்டவுடன், "என்ன தம்பி, முகமெல்லாம் இப்படிப் போச்சு?" என்று கேட்பது நம்மவரின் பழக்கம். அப்பிள்ளையும் கண்ணாடி பார்க்கிறான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பழக்கங்களை மாற்றுவதாயின் இந்தப் பழக்கத்தையே முதலில் மாற்றவேண்டும். இதற்கு மருந்துச்சீட்டும் வேண்டியதில்லை. உணவும் உறக்கமும் குன்றி, யாரோடும் பேசாது ஒதுங்கும் பிள்ளையின் துன்பத்தை "வயதுக் கோளாறு" என்று தள்ளிவிடலாகாது. வைத்தியரிடம் அதையும் சொல்லுக.

பழக்கம் திருந்தினால் மட்டும் எல்லாப் பருவும் போய்விடும் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். இலேசான பருவுக்கு 2.5 வீதப் பென்சொயில் பேரொட்சைட்டுப் பூச்சை முதலில் கொடுப்பதுண்டு. அது துவாயையும் சட்டைக் கழுத்தையும் வெளிறச் செய்யும். ஆதலால் வெள்ளைத் துவாய் பாவிப்பது புத்தி. இரவிலே பூசும் அடபலீன் போன்ற மருந்துகள் அடைபட்ட மயிர்க்காலைத் திறப்பவை. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைக்காமல், பரு வரும் இடம் முழுவதும் மெல்லிதாகப் பூசவேண்டும். முதற் கிழமைகளில் தோல் சற்று உரியும். அதைக் கண்டு கைவிடுவோர் மிகப்பலர். ஆறு முதல் எட்டு வாரம் கழியுமுன் பயனில்லை என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆழ்ந்த கட்டிகளும் தழும்பும் தோன்றினால் நாட்கடத்தாமல் சரும நோய் வைத்தியரை நாடவேண்டும். அதற்கும் வலிய மாத்திரைகள் உண்டு. அவை வைத்தியர் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டியவை. கடையிலே கேட்டு வாங்க வேண்டியவையல்ல. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை; காத்திருக்கும் பொறுமை மட்டுமே வேண்டும்.

நமது மாணவர் இரண்டு கிழமையின் பின் பாடசாலைக்கு வந்தார். வந்த அன்று, வகுப்பு முழுவதும் கேட்கும்படி, அன்றொருநாள் நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். மாணவர்முன் ஆசிரியர் அப்படிச் சொல்லலாமோ என்று நம் சக ஆசிரியர் ஒருவர் பின்னர் கேட்டார். சொன்னது மாணவர்முன்தானே என்றோம். முகம் தெளிய நான்கு மாதமாயிற்று. கருந்தழும்பு மங்க ஓர் ஆண்டுக்கு மேற் சென்றது. கன்னப்பொறியில் இரண்டு குழிகள் இன்னும் உண்டு.

இப்போது அவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். சென்ற தைப்பொங்கலுக்கு ஊர் வந்தபோது தாயாரோடும் தம்பியோடும் நம் வீட்டுக்கு வந்தார். தம்பி பத்தாம் வகுப்பு. மேலுதட்டில் அரும்பும், நெற்றியில் நான்கு பருவும். தாயாருக்கு ஒரு முறைப்பாடு இருந்தது.

"சேர், மூத்தவன் சொல்லிச் சொல்லி இவனும் எண்ணெய் வைக்க விடுறானில்லை. தலை காய்ஞ்சு போகாதே?"

மூத்தவர் நம்மைப் பார்த்தார். நேராகவே பார்த்தார். நாம் வாயைத் திறக்குமுன் தாயும் மகன்மாரும் தமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மட்டும் எண்ணெய். மதியத்துக்கு முன் அரப்பு வைத்து முழுகிவிட வேண்டும். மற்ற நாளில் உச்சியில் ஒரு சொட்டு வைக்கலாமோ என்று தாயார் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். தம்பி மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.